பார்க்கர் 51: படம் பார்த்துப் பழைய பேனா வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

இணையத்தில் பழைய மைப்பேனா வாங்கும்போது நம்மிடம் இருப்பவை நாலைந்து படங்களும் விற்பவர் எழுதிய இரண்டு வரியும்தான். எழுதிப் பார்க்க முடியாது, மூடியைப் போட்டு இறுக்கம் பார்க்க முடியாது, வெளிச்சத்தில் திருப்பி விரிசல் தேட முடியாது. ஆகவே முதன்முதலாகப் பழைய பேனா வாங்குகிறவர் அழகையும் அபூர்வத்தையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பேனாவின் நல்லது கெட்டதைப் படத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கேள்விக்கு நன்றாகத் தேறுகிற பேனா பார்க்கர் 51. அதிலும் 1948-இல் வந்த, மைப்பையை அழுத்தி நிரப்பும் ஏரோமெட்ரிக் வகை.

பேனா விற்பனைக்கு வந்தது 1941-இல். பார்க்கர் நிறுவனம் தொடங்கியது 1888. அதன் 51-ஆம் ஆண்டான 1939-இல் உருவாக்கப்பட்டதால் இந்தப் பெயர். அப்போது பார்க்கர் தயாரித்த, சீக்கிரம் உலரும் காரத்தன்மையுள்ள மை செல்லுலாய்டு பேனாக்களை அரித்துவிடும். அதனால் உடலை லூசைட் என்னும் அக்ரிலிக்கில் செய்தார்கள். மைக்காக எடுத்த அந்த முடிவால்தான் இன்று பழைய பேனா வாங்குகிறவர் நிம்மதியாக இருக்க முடிகிறது. செல்லுலாய்டு சுருங்கும், பழுப்பேறும். எபோனைட் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் கருமை போய்க் காப்பிப்பொடி நிறமாகும். லூசைட் எண்பது ஆண்டு கழிந்தும் சுருங்குவதில்லை, நிறம் மாறுவதில்லை. கீறல் விழுந்தாலும் மெருகேற்றினால் போய்விடும். தவிர, இந்தப் பேனா முப்பது ஆண்டுக்கு மேல் பல நாடுகளில் பெரும் எண்ணிக்கையில் தயாரானது. உதிரிப் பாகமும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

எந்த வகை என்று பார்ப்பது

51-இல் மை நிரப்பும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. 1941 முதல் 1948 வரை வந்தது வாக்குமேட்டிக். உடலின் பின்முனைக்குச் சற்று முன்னால் மெல்லிய இணைப்புக் கோடு ஒன்று தெரியும். அங்கே திருகினால் சிறிய தொப்பி கழன்று, உள்ளே அழுத்தும் தண்டு இருக்கும். 1948-இலிருந்து வந்த ஏரோமெட்ரிக்கில் பின்முனை கோடே இல்லாமல் வழவழவென்று முடியும். நடுவிலுள்ள உலோக வளையத்தை ஒட்டி உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோக உறை, அதில் அழுத்தும் பட்டை, உறைக்குள் தெளிவான பிளாஸ்டிக் மைப்பை. படத்தில் பின்முனை தெரிந்தாலே போதும், எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

வித்தியாசம் பழமையில் மட்டும் இல்லை. வாக்குமேட்டிக்கில் மையை இழுப்பது உதரவிதானம் என்னும் ஒரு ரப்பர் சவ்வு. ரப்பர் காலப்போக்கில் கெடும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் கெடும். அதை மாற்றப் பின்பக்கப் பம்பைக் கழற்ற வேண்டும், அதற்கென்றே ஒரு தனிக்கருவி வேண்டும். குறடு போட்டுத் திருகினால் உடல் வெடித்துவிடும். ஏரோமெட்ரிக்கின் மைப்பையில் ரப்பர் இல்லை. பார்க்கர் அதற்குப் பிளை-கிளாஸ் என்று பெயர் வைத்தது. பழுப்பேறிக் கிடக்கும் பை கூட அழுத்தினால் வளைந்து கொடுக்கும், கழுவினால் வேலை செய்யும். எழுபது ஆண்டுப் பழைய பை மாற்றாமலே ஓடுவது இந்தப் பேனாவில் சாதாரணம்.

அதனால் எங்கள் பரிந்துரை இதுதான்: முதல் பேனா ஏரோமெட்ரிக். வாக்குமேட்டிக்கின் நிறங்களும், மூடியின் உச்சியிலும் உடலின் பின்முனையிலும் வைத்த இரட்டை அலங்காரக் கற்களும் அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பழுது பார்த்து முடித்தவரிடம், உதரவிதானம் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பழுது பார்க்காதது என்றால் பழுதுச் செலவைக் கழித்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விற்பவர் விவரம் தெரியாதவராக இருந்தால், "உடலைக் கழற்றிப் படம் எடுங்கள்" என்று கேட்கும் முன் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாக்குமேட்டிக்கை நடு வளையத்தில் பிடித்துத் திருகினால் உடல் கழலாது. நிப்பை மூடியிருக்கும், அரக்குப் போட்டு ஒட்டிய நிப்புக்கூடுதான் விரிசல் விடும்.

வயதைக் கண்டுபிடிக்க உடலில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பில் நாட்டின் பெயரை ஒட்டி ஓர் இலக்கமும் புள்ளிகளும் இருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் காலாண்டு: மூன்று புள்ளி என்றால் முதல் காலாண்டு, இரண்டு என்றால் இரண்டாவது, ஒன்று என்றால் மூன்றாவது, புள்ளியே இல்லையென்றால் கடைசி. 8 என்ற எண்ணும் ஒரு புள்ளியும் இருந்தால் 1948-இன் மூன்றாம் காலாண்டு. 1950-களின் போக்கில் இந்தக் குறி நின்றுவிட்டது. ஆகவே குறி இல்லாததால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பொறிப்பு மழுங்கி வழுக்கையாக இருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு: யாரோ உப்புத்தாள் போட்டு ஆழமான கீறலைத் தேய்த்திருக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. கூர்மையான பொறிப்புள்ள, கீறல் விழுந்த பேனாவே மேல்.

பெயர் ஒன்று, பேனா வேறு

"51" என்று தேடினால் வருவதெல்லாம் 51 அல்ல. 2021-இல் பார்க்கர் அதே பெயரில் புதிய பேனா ஒன்றைக் கொண்டுவந்தது. மூடி திருகும் வகை, மை கார்ட்ரிட்ஜிலோ (மை அடைத்து வரும் மாற்றுக்குழாய்) கன்வர்ட்டரிலோ (மை இழுத்து நிரப்பும் கழற்றக்கூடிய குழாய்). பழையதில் மூடி திருகாது, தள்ளினால் பிடித்துக்கொள்ளும். நடு வளையத்தருகே மரை தெரிந்தால் அது புதியது. விற்பவர் ஏமாற்றவே நினைக்காவிட்டாலும் இந்தக் குழப்பம் வரும்.

ஹீரோ 616, விங் சங் 601 போன்ற சீனப் பேனாக்கள் 51-இன் உருவத்தைப் பின்பற்றியவை. தங்கள் பெயரில் விற்கும்வரை அவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. விவரத்தில் பிராண்டின் பெயரைச் சொல்லாமல் "பழைய மாடல் மூடிய நிப்பு பேனா" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் மூடியின் விளிம்பிலுள்ள பொறிப்பைப் படம் கேளுங்கள்.

பார்க்கர் 21-ஐ 51 என்று விற்பது இன்னும் அதிகம். 1948-இல் மாணவர்களுக்காக மலிவாக வந்தது அது. நிப்பு தங்கமில்லை. நிப்புக்கூடு மலிவான பிளாஸ்டிக். நீளவாக்கில் வெடிப்பது அதன் பிறவிக் குறை. 51-இன் அம்புக் கிளிப்பில் இறகு வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். ஆனால் பிந்தைய சூப்பர் 21-இலும் அம்பு உண்டு என்பதால் கிளிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மூடியில் "பார்க்கர் 51" என்ற பொறிப்பும், உள் உறையில் அதே பெயரும் பாருங்கள்.

51 ஸ்பெஷல் என்பது 1950-இல் வந்த உண்மையான 51-தான். நிப்பு மட்டும் தங்கத்துக்குப் பதில் ஆக்டேனியம் என்னும் வெள்ளை நிறக் கலப்பு உலோகம். எழுத்தில் குறை இல்லை. விலை மட்டும் தங்க நிப்பின் விலையாக இருக்கக் கூடாது. கூட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் நுனியின் நிறம் மஞ்சளா வெள்ளையா என்று படத்தில் பார்த்தாலே தெரியும். டெமி என்பது குட்டை அளவு. வழக்கமான அளவு மூடியோடு ஏறத்தாழ 13.8 சென்டிமீட்டர், டெமி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவு. பெரிய கை உள்ளவர்கள் அளவுகோலை அருகில் வைத்துப் படம் கேட்பது நல்லது.

பாகங்கள் மாறிப்போன பேனாவும் சந்தையில் ஏராளம். ஒன்றின் மூடி, இன்னொன்றின் உடல், மூன்றாவதன் நிப்புக்கூடு. மூடியில் இங்கிலாந்து, உடலில் அமெரிக்கா என்று இருந்தால் அது கலவை. உடலும் நிப்புக்கூடும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பர்கண்டி என்னும் அடர்சிவப்பு உடலில் கறுப்புக் கூடு இருந்தால் கூடு உடைந்து மாற்றியிருக்கிறார்கள். எழுத மட்டும் வேண்டுமென்றால் கலவையை மலிவாக வாங்கலாம், தவறே இல்லை. சேகரிக்க வாங்குகிறவர் விட்டுவிட வேண்டும்.

கேட்க வேண்டிய படங்கள்

முழுப் பேனாவின் அழகான படத்தால் எந்தப் பயனும் இல்லை. வேண்டியவை நிப்பு நுனி பக்கவாட்டிலிருந்து, அதே நுனி நேர் எதிரிலிருந்து, உடலைக் கழற்றிய நிலையில் உலோக உறை, கழற்றிய உடலின் வாய், மூடியின் விளிம்பும் உச்சியும். இவற்றில் நுனியின் படம்தான் முதன்மை. மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது, மாற்றக்கூடியது. நுனி போனால் பேனாவே போன மாதிரி.

நிப்பின் முனையில் கடினமான உலோகப் பொட்டு ஒன்று பற்றவைத்திருக்கும். நம் வழக்கில் இரிடியம் என்போம். உண்மையில் பல கடின உலோகங்களின் கலவை. தாளைத் தொடுவது அந்தப் பொட்டு மட்டும். தங்கம் மென்மையானது, தாளில் நேரடியாக உரசினால் சில மாதங்களில் கரைந்துவிடும். பக்கவாட்டுப் படத்தில் நிப்பின் அடிக்கோட்டைப் பின்தொடர்ந்து நுனிவரை வாருங்கள். கோடு முடியும் இடத்தில் சிறு கடுகு போல ஒரு புடைப்புக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். புடைப்பின் அடிப்பக்கம் சற்றுச் சாய்வாகத் தட்டையாகியிருந்தால் முன்பு வைத்திருந்தவர் எழுதி எழுதித் தேய்த்திருக்கிறார். அது குறை இல்லை; அவர் பேனாவைப் பிடித்த கோணம் உங்களுக்கும் ஒத்துவந்தால் வழவழப்பாகவே எழுதும், ஒத்துவராவிட்டால் ஓரம் உரசும். புடைப்பே இல்லாமல் கோடு அப்படியே நீண்டு முடிந்தால் பொட்டு முழுதும் தேய்ந்துவிட்டது. புதிய பொட்டு வைக்கும் கைவினைஞர்கள் உண்டு. ஆனால் அந்தச் செலவு, காத்திருப்பு இரண்டையும் சேர்த்தால் வேறு பேனாவே வாங்கிவிடலாம்.

நேர் எதிர்ப் படத்தில் பொட்டு இரண்டு சம பாதியாகத் தெரிய வேண்டும். நடுப்பிளவு முடி அளவு. ஒரு பாதி உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்தால் சீர் குலைந்திருக்கிறது, தெரிந்தவர் கையில் சரியாகும். ஒரு பாதியில் பொட்டு இருந்து, மறுபாதியில் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

51-இல் நிப்பின் பெரும்பகுதி கூட்டுக்குள் இருக்கிறது, ஓரிரு மில்லிமீட்டர்தான் வெளியே. ஆகவே கீழே விழுந்து வளைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கூட்டின் உதட்டுக்கும் நிப்பின் மேல்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் ஒட்டினாற்போல் இணையாக வர வேண்டும். நிப்பு கூட்டை விட்டு விலகிக் கீழே இறங்கியிருந்தாலோ மேலே முட்டி நின்றாலோ அடிபட்டது. கூட்டின் முனையும் நிப்பின் பிளவும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் நிப்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தால், யாரோ கழற்றிச் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம். கூடும் வளையமும் சேரும் இடத்தில் பசை வழிந்த தடம் தெரிந்தால் வேண்டவே வேண்டாம். அங்கே போட வேண்டியது அரக்கு. சூடு காட்டினால் இளகும். சூப்பர் குளு போட்டு ஒட்டியதை உடைக்காமல் பிரிப்பது அநேகமாக முடியாத காரியம்.

கைபேசியில் இந்தப் படங்கள் எடுக்கும்போது ஃபோகஸ் நுனியை விட்டு உடலில் போய் உட்காரும். விற்பவரிடம் பேனாவை அச்சடித்த தாள் மேல் படுக்கவைத்து, லென்சுக்கு முன் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கள் தெளிவாக வந்தால் நுனியும் தெளிவாக வரும். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் எடுத்து அனுப்புவார்கள். இரண்டு முறை கேட்டும் நுனியின் படம் வராத பேனாவை வாங்காதீர்கள்.

உலோக உறையின் படம் மைப்பையின் கதையைச் சொல்லிவிடும். உறை பளிச்சென்று, அதில் பொறித்த நிரப்பும் குறிப்பு வாசிக்கும்படி இருந்தால் பை ஒழுகியதில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து அரித்திருந்தால் ஒழுகியிருக்கிறது. உறையை உருவிப் பையைக் காட்டச் சொல்லாதீர்கள், இழுக்கிற வேகத்தில் பையும் கையோடு வந்துவிடலாம்.

உடலின் வாயில் விரிசல் இருக்கும் சாத்தியம் அதிகம், காரணம் அளவுக்கு மீறி முறுக்கி மூடுவது. கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் காண வெளிச்சத்தைச் சாய்த்துப் படம் கேளுங்கள். கீறல் எந்தக் கோணத்திலும் மங்கலாகத் தெரியும். விரிசல் ஒரு கோணத்தில் கண்ணாடித் துண்டு போல மின்னி, மறு கோணத்தில் மறைந்துவிடும். மூடி உரசி உடலில் விழுந்த நீளக் கோடுகள் எல்லாப் பழைய 51-இலும் இருக்கும், கவலை வேண்டாம். பின்முனையில் பல் பதிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழமான பல்தடம் மெருகில் போகாது.

மூடியில் அதிகம் கிடைப்பது லஸ்ட்ரலாய் என்று பார்க்கர் அழைத்த, மங்கிய பளபளப்புள்ள துருவேறா எஃகு. அதில் நசுங்கல் இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தால், மங்கல் மெருகை யாரோ பாலிஷ் போட்டு அழித்திருக்கிறார்கள். ஸ்பெஷலின் மூடி மட்டும் இயல்பாகவே பளபளப்பு. "தங்க மூடி" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கோல்ட் ஃபில்ட் அல்லது ரோல்ட் கோல்ட், அதாவது வேறு உலோகத்தின் மேல் அழுத்திய தங்கத் தகடு. விளிம்பில் 1/10 என்று தொடங்கும் பொறிப்பு இருந்தால் அதுவே சாட்சி. கிளிப்பின் நுனியிலும் மூடி விளிம்பிலும் தங்கம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். உச்சியில் சிறு கல் ஒன்று இருக்கும். அது திருகுபோல் கிளிப்பைப் பிடித்துவைக்கிறது. கல் இல்லாவிட்டால் கிளிப் ஆடும்.

நிறத்தைப் படத்தில் நம்பக் கூடாது. மஞ்சள் விளக்கில் பர்கண்டி கிடைத்தற்கரிய பிளம் போலத் தெரியும், மிட்நைட் புளூ கறுப்பாகவே தெரியும். பிளம், நசாவ் பச்சை போன்றவற்றுக்குக் கூடுதல் விலை கேட்டால், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் மேல் வைத்த படம் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

நிப்பு என்ன தடிமனில் எழுதும் என்பதைப் படத்தில் சொல்ல முடியாது; இந்தப் பேனாவில் அது ஒன்று கஷ்டம்தான். நிப்பின் குறிகள் கூட்டுக்குள் மறைந்திருக்கின்றன. கோடு போட்ட தாளில் எழுதிய மாதிரியைக் கேளுங்கள். மை நிரப்ப வேண்டியதில்லை, தொட்டு எழுதினாலே போதும்.

விற்பவரின் சொற்கள்

"சோதிக்கவில்லை" என்றால் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். "புதுப்பித்தது" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள்: ஒருவர் கழற்றி, கழுவி, பாகம் மாற்றியிருப்பார், இன்னொருவர் துணியால் துடைத்திருப்பார். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எப்போது என்று கேட்டால் முதலாமவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "பயன்படுத்தாத பழைய இருப்பு" என்றால் ஏரோமெட்ரிக்குக்கு நல்ல செய்தி, வாக்குமேட்டிக்குக்கு அப்படி இல்லை. பயன்படுத்தாமலே அதன் ரப்பர் கெட்டிருக்கும். "நிப்பு 14 காரட்" என்று மட்டும் எழுதிவிட்டு நுனியைப் பற்றி ஒன்றும் சொல்லாதவரிடம் நுனியைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதே தளத்தில் விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஈபே போன்ற தளங்களில் அதற்கென்று வடிகட்டி உண்டு. அஞ்சல் செலவு, சுங்கம், பழுது மூன்றையும் சேர்த்து உங்கள் உச்சத் தொகையை ஏலத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். கடைசிச் சில வினாடிகளில் அந்தத் தொகையை ஒரே முறை வையுங்கள். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் விலைதான் ஏறும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் உரிமையே போய்விடும். மையில்லாமல் கழுவி, தாளில் சுற்றி, கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உறையில் மட்டும் போட்டு வந்த பேனா அஞ்சல் இயந்திரத்தில் நசுங்கும்.

மற்ற பேனாக்கள்

இதே அளவுகோலில் பார்த்தால் ஷீஃபர் ஸ்னார்க்கல் அபாரமான பொறியியல், ஆனால் அடைப்பு வளையம், ரப்பர் பை என்று படத்தில் தெரியாத பாகங்கள் பல. பழுது பார்த்ததை மட்டும் வாங்கலாம். எஸ்டர்புரூக் ஜே நல்ல தொடக்கம். நிப்பு திருகிக் கழலும், அதிலுள்ள எண்ணைப் பார்த்து வேறு நிப்பு மாட்டலாம். நெம்புகோல் வைத்த எந்தப் பேனாவிலும் விற்பவரை நெம்புகோலை இழுத்துக் காட்டச் சொல்லாதீர்கள், காய்ந்து கல்லான ரப்பர் பை உள்ளேயே நொறுங்கும். பார்க்கர் 61 (1956) அடுத்த தலைமுறை. பின்பக்கத்தை மைக்குள் வைத்தால் தானாக உறிஞ்சும் நுண்துளை முறை. காய்ந்த மை அடைத்துக்கொண்டால் கழுவி முடிக்க நாள் கணக்காகும். கூட்டில் பதித்த அம்பு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாட்டர்மேன் சி/எஃப் (1953) பார்வைக்கு அருமை, அதற்கான கார்ட்ரிட்ஜ் இப்போது தயாராவதில்லை. பைலட் பழைய பேனாக்களில் நிப்பிலேயே தேதி இருக்கும்: எச் என்ற எழுத்தும் 374 என்ற எண்ணும் இருந்தால் ஹிரட்சுக்கா ஆலை, 1974 மார்ச். கையில் பணம் குறைவு என்றால் 1960-இல் வந்த பார்க்கர் 45. இன்றைய பார்க்கர் கார்ட்ரிட்ஜும் கன்வர்ட்டரும் பொருந்தும், நிப்பு திருகிக் கழலும்.

51-இன் குறைகள்

நிப்பின் அழகைப் பார்த்து ரசிப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை, எல்லாம் மூடிக்கிடக்கிறது. நிப்பு விறைப்பு, அழுத்தித் தடித்த கோடு போட முயன்றால் கெடும். மை எவ்வளவு மிச்சம் என்று எழுதும்போது தெரியாது. பெரிய குறை கழுவுவது. கூட்டுக்குள் சீப்புப் பல் போல நுண்ணிய வெட்டுகள் கொண்ட கலெக்டர் ஒன்று மையைத் தேக்கிவைக்கிறது. பேனா காய்ந்துபோகாமல், கசியாமல் இருப்பதே அதனால்தான். ஆனால் நிறம் மாற்ற நினைத்தால் இருபது முப்பது முறை தண்ணீர் இழுத்துவிட வேண்டியிருக்கும். மினுமினுப்பு மை, நிறமித்துகள் மை இரண்டையும் இதில் ஊற்றக் கூடாது. ஒரே மையில் தினமும் எழுதுகிறவருக்கான பேனா இது.

கைக்கு வந்ததும்

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் நுனியைப் பார்த்துவிட்டு, மை ஊற்றுவதற்கு முன் தண்ணீர்ச் சோதனை.

ஒரு குவளையில் ஆறிய தண்ணீர். உடலைக் கழற்றி, நிப்பைக் கூட்டின் பாதிவரை முக்கி, பட்டையை அழுத்துங்கள். குமிழி வரும். விட்டுவிட்டு மூன்று நான்கு வினாடி காத்திருங்கள், மீண்டும் அழுத்துங்கள். நாலைந்து முறைக்குள் குமிழி குறைந்து நின்றுவிட வேண்டும். முதல் அழுத்தத்திலேயே குமிழி வரவில்லையென்றால் காய்ந்த மை அடைத்திருக்கிறது, அல்லது பை கிழிந்திருக்கிறது; கிழிந்திருந்தால் உறைக்கு வெளியே ஈரம் தெரியும். முதல் முறை குமிழி வந்து, அடுத்த முறையிலிருந்து இழுத்த தண்ணீரே திரும்ப வெளியேறினால் பைக்குள் நிற்கும் காற்றுக்குழாய் உடைந்திருக்கிறது. அந்த மெல்லிய குழாய்தான் மையை வெளியே தள்ளாமல் காற்றை மட்டும் வெளியேற்றும். வெள்ளியால் செய்தவை அரித்துப் போவதுண்டு. குழாயை மாற்றலாம், ஆனால் கூட்டைக் கழற்ற வேண்டும்; தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடைப்புக்கு முதலில் வெறும் தண்ணீரில் ஒரு இரவு, கழுத்துவரை மட்டும். மறுநாளும் இளகவில்லை என்றால் பத்துக்கு ஒரு பங்கு வீட்டு அம்மோனியா, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கொதிநீர் வேண்டாம், அரக்கு இளகும். ஸ்பிரிட், ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள். அரக்கைக் கரைப்பதோடு அக்ரிலிக்கில் வலை வலையாக வெடிப்பு விழச் செய்யும். நிப்பை மெல்லிய தாளில் கீழ்நோக்கி நிறுத்தினால் ஊறி வரும் தண்ணீரில் நிறம் தெரியாத வரை அலசல் தொடர வேண்டும்.

பிறகு சாதாரண நீல மை. ஒரு பக்கம் வேகமாக எழுதுங்கள். நடுவில் வெளிறினால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது. மேல்நோக்கிய கோடு மட்டும் உரசினால் பாதிகள் சீராக இல்லை. எழுதி முடித்து மூடியைப் போட்டு, நிப்பு மேல்நோக்கியிருக்க ஒரு இரவு வைத்துவிட்டு, காலையில் முதல் கோட்டைப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் மூடியும் சரி, உள்ளே மையோட்டமும் சரி. வராவிட்டால் உச்சிக்கல் தளர்ந்திருக்கிறதா, மூடி கடைசிவரை உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீடியோவோடு விற்பவருக்கு எழுதிவிடுங்கள்.